குருதிக் குழாயின் உட்படலம்

குருதி உடலெங்கும் சுற்றியோடுகின்றது என்னும் உண்மையை ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹாவி 1628ஆம் ஆண்டிலே நூலாக வெளியிட்டார். நாடிகளிலிருந்து நாளங்களுக்கு அது செல்லும் வழியை அவர் கண்டாரல்லர். இத்தாலிய அறிஞர் மல்பீகி 1661இல் தவளையின் நுரையீரலை நுணுக்குக்காட்டியால் நோக்கி, மயிர்த்துளைக் குழாய்களைக் கண்டு அக்குறையை நீக்கினார். குருதி செல்லும் வழி தெளிவாயிற்று. ஆனால், அவ்வழியின் சுவரைப் பற்றிச் சிந்தித்தவர் சிலரே. வாய்க்காலின் கரை நீரைத் தாங்குவது போலக் குழாயும் குருதியைத் தாங்கி நிற்கின்றது, அவ்வளவே என நெடுங்காலம் எண்ணினர்.

அச்சுவரின் உட்புறத்தே ஒற்றை அடுக்காகக் கலங்கள் பரவியுள்ளன. சுவிற்சர்லாந்து அறிஞர் வில்ஹெல்ம் ஹிஸ் 1865இல் இப்படலத்துக்குத் தனிப்பெயர் சூட்டினார். தமிழில் அதனை அகவணி என்பர். பெயர் கிடைத்ததேயன்றி, அகவணிக்குப் பெருமை கிடைக்க மேலும் நூறாண்டுக்கு மேல் சென்றது.

அப்பெருமையைத் தேடித் தந்தது ஒரு முரண்பாடு. அசற்றைல்கோலின் என்னும் பொருளை உயிருள்ள விலங்கின் குருதியிற் செலுத்தினால் குழாய்கள் விரியும், குருதியமுக்கம் தாழும். ஆனால், அமெரிக்க அறிஞர் றொபேட் பேர்ச்கொற் 1950களில் முயலின் பெருநாடியைக் கீற்றாக வெட்டிச் சோதித்தபோது, அதே பொருளால் அக்கீற்றுச் சுருங்கிற்று. விடை கிடைக்கவில்லை. 1978இல், கீற்றுக்குப் பதிலாக வளையமாக வெட்டிய நாடியைக் கொண்டு அவருடைய ஆய்வுகூடத்திற் சோதனை நடந்தது. செய்முறையின் ஒழுங்கு தவறியதால், அசற்றைல்கோலினை ஒத்த ஒரு பொருள் முன்னதாகவே சேர்க்கப்பட்டது. வளையம் சுருங்கவில்லை, தளர்ந்தது!

காரணம் யாது? கீற்றை ஆயத்தஞ் செய்யும்போது அதன் உட்புறம் பிற பொருள்களோடு உரசும். அவ்வுரசலில் அகவணிக் கலங்கள் உதிர்ந்துவிடும். வளையத்திலோ அவை அழியாது நின்றன. வேண்டுமென்றே அவற்றைத் தேய்த்து நீக்கியபோது தளர்ச்சியும் நின்றது. அகவணியற்ற கீற்றோடு அகவணியுள்ள கீற்றை முகத்தோடு முகம் பொருத்தியபோது, முன்னதும் தளர்ந்தது. எனவே, அக்கலங்கள் ஏதோவொரு பொருளைச் சுரந்து அயலிலுள்ள தசையைத் தளர்த்துகின்றன என்பது 1980இல் உலகறிந்த உண்மையாயிற்று.

அப்பொருள் நைத்திரிக் ஒட்சைட்டு என்னும் வாயு என 1987இல் நிறுவப்பட்டது. மோட்டார் வண்டிப் புகையில் உள்ள நச்சு வாயு என அறியப்பட்டிருந்த ஒன்று, உடலின் தூதாக விளங்குவது வியப்பன்றோ! 1998இல் பேர்ச்கொற், இக்னாரோ, முராட் ஆகிய மூவரும் நோபெல் பரிசு பெற்றனர். அப்பரிசை நிறுவிய அல்பிரட் நோபெலுக்கு, அவர் வெடிமருந்தாக்கிய நைத்திரோகிளிசரினே இதயநோய்க்கு மருந்தாக விதிக்கப்பட்டது. அம்மருந்தும் இவ்வாயுவை வெளிவிட்டே பயன் தருகின்றது.

அகவணி குருதியோட்டத்தையும் உணர்கின்றது. ஓட்டம் சீராக உரசிச் செல்லுமிடத்தே கலங்கள் அத்திசையில் நீண்டு அமைகின்றன. ஓட்டம் மிகும்போது நைத்திரிக் ஒட்சைட்டைச் சுரந்து குழாயை அகலச் செய்கின்றன. குழாய் கிளைக்குமிடத்தும் வளையுமிடத்தும் ஓட்டம் சுழன்று குழம்புவதால் அவ்வொழுங்கு கெடுகின்றது. கொழுப்புப் படிவதும் பெரும்பாலும் அங்கேயே தொடங்குகின்றது. படலம் கிழிந்தால் குருதிச் சிறுதட்டுக்கள் அவ்விடத்தே ஒட்டித் திரள்கின்றன. அருகிலுள்ள கலங்கள் பரவியும் பெருகியும் வெற்றிடத்தை மூட முயல்கின்றன. புகைத்தல், மிகை அமுக்கம், நீரிழிவு ஆகியவை இக்காயத்தை ஓயாது புதுப்பிப்பவை. மாரடைப்பும் பாரிசவாதமும் பலருக்கு இவ்வழியே வருகின்றன.

ஆய்வாளர் கைகளிலே பன்னெடுங்காலம் அறியாது உரசி நீக்கப்பட்ட படலமே அவர்கள் தேடிய விடையைத் தாங்கி நின்றது. அதனைப் பேணுதல் இன்று மருத்துவர் கடமை மட்டுமன்று. புகையை விலக்கி, அமுக்கத்தை அளந்தறிந்து வாழும் ஒவ்வொருவர் கையிலும் உள்ளது.