கலிக்கோ சட்டங்கள்

இந்தியத் துணியை இங்கிலாந்து மக்கள் உடுத்தாமல் தடுக்க அந்நாட்டுப் பாராளுமன்றம் 1700, 1721 ஆகிய ஆண்டுகளில் இயற்றிய இரண்டு சட்டங்கள். கலிக்கோ என்ற சொல் கோழிக்கோட்டின் பெயரிலிருந்து வந்தது. ஒரு தொழிலைச் சேர்ந்தவர்கள் ஒன்றுதிரண்டு, தங்கள் சரக்குக்குப் போட்டியே இல்லாதபடி சட்டம் வாங்கிக்கொண்ட கதை இது. இன்று லாபி எனப்படும் வேலையின் எல்லா முறைகளையும் இதில் பார்க்கலாம்.

17ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் கிழக்கிந்தியக் கம்பெனி சோழமண்டலக் கரையிலிருந்தும் குஜராத், வங்காளத்திலிருந்தும் கப்பல் கப்பலாகத் துணி ஏற்றியது. நம் கரையோரத்துச் சீட்டித்துணியில் சாயவேர் கொண்டு ஏற்றிய சிவப்பு, எத்தனை முறை துவைத்தாலும் போகாது. கம்பளியைவிட லேசு, பட்டைவிட மலிவு. லண்டனில் எஜமானியும் வேலைக்காரியும் அதையே உடுத்தத் தொடங்கினார்கள். கம்பளி, பட்டு நெசவாளர்களின் தறிகள் ஓய்ந்தன. அவர்கள் தடை கேட்டார்கள்.

கம்பெனியும் கை கட்டி நிற்கவில்லை. அது கொடுத்த லஞ்சத்தைப் பற்றிப் பாராளுமன்றம் 1695இல் விசாரித்தது. கம்பெனியின் கவர்னராக இருந்த தாமஸ் குக் பணம் யாருக்குப் போயிற்று என்று சொல்ல மறுத்து, லண்டன் கோபுரச் சிறைக்குப் போனார். நெசவாளர்களிடம் அந்த அளவுக்குப் பணம் இல்லை, ஆட்பலம் இருந்தது. 1697இல் அவர்கள் பாராளுமன்றத்தைச் சூழ்ந்தார்கள். கம்பெனி மாளிகையையும் தாக்கினார்கள். 1700ஆம் ஆண்டுச் சட்டம், கீழை நாடுகளில் சாயமோ அச்சோ ஏறிய கலிக்கோவையும் பட்டுகளையும் தடுத்தது.

அச்சிடாத வெள்ளைத் துணிக்குத் தடை இல்லை. அதை இறக்குமதி செய்து லண்டனிலேயே அச்சடிக்கும் பட்டறைகள் பெருகின. நெசவாளர்களைக் காக்க வந்த சட்டமே அவர்களுக்குப் புதிய எதிரிகளை வளர்த்துவிட்டது. 1719இல் பட்டு நெசவாளர்கள் தெருவில் இறங்கினார்கள். கலிக்கோ உடுத்திய பெண்களைத் துரத்தி, உடையைக் கிழித்தார்கள், அமிலம் வீசினார்கள். நெசவாளர் வீட்டுப் பசி உண்மைதான். ஆனாலும் அதற்கான தண்டனையைத் தெருவில் நடந்துபோன பெண்கள் அனுபவித்தது மன்னிக்கக்கூடியதன்று. அதே வேளையில் நாடெங்கிலுமிருந்து பாராளுமன்றத்துக்கு மனுக்கள் குவிந்தன. எழுத்தாளர் டேனியல் டீஃபோ நெசவாளர் தரப்புக்காகவே ஒரு பத்திரிகை நடத்தினார்.

1721ஆம் ஆண்டுச் சட்டம், எங்கே அச்சடித்தாலும் கலிக்கோவை உடுத்தக் கூடாது என்றது. உடுத்தியவருக்கு 5 பவுண்டு, விற்றவருக்கு 20 பவுண்டு அபராதம். முழு நீலச் சாயத் துணிக்கும் மஸ்லினுக்கும் விலக்கு உண்டு. இந்தியத் துணியை வேறு நாடுகளுக்கு மறு ஏற்றுமதி செய்யவும் வழி இருந்ததால் கம்பெனியின் வியாபாரம் படுத்துவிடவில்லை. 1734இல் சென்னையில் நெசவாளர்களையும் சாயக்காரர்களையும் குடியேற்றி அது சிந்தாதிரிப்பேட்டையை அமைத்தது.

அந்தச் சாயக்காரர்கள் மனுப்போட லண்டன் பாராளுமன்றத்தில் வாசல் இல்லை. லண்டன் வேலைக்காரிக்கு மனுப்போடும் அளவுக்கு நஷ்டம் இல்லை. ஒரு கவுனுக்குச் சில ஷில்லிங் கூடுதல், அவ்வளவுதான். நெசவாளருக்கோ அது முழுப் பிழைப்பு. சிலருக்குக் கிடைக்கும் ஆதாயம் பெரிது, பலர் தலையில் விழும் செலவு ஆளுக்குக் கொஞ்சம். ஆகவே சிலரே அணிதிரள்கிறார்கள். பொருளியலாளர் மன்சர் ஓல்சன் 1965இல் வெளியிட்ட நூலில் இதைப் பொருளியல் கோட்பாடாக விளக்கினார்.

பிறகு மான்செஸ்டர் பருத்தித் தொழிலினரின் முறை வந்தது. பாவு லினனும் ஊடை பருத்தியுமாக நெய்த உள்நாட்டுத் துணிக்கு 1736இல் விலக்கு வாங்கினார்கள். நூற்பு எந்திர முதலாளி ரிச்சர்ட் ஆர்க்ரைட் மனுச் செய்ய, 1774இல் முழுப் பருத்தித் துணியும் அனுமதி பெற்றது. பிரிட்டனில் நெய்தது என்று அடையாளம் தெரிய அதன் கரையில் மூன்று நீல இழைகள் ஓட வேண்டும் என்று சட்டம் விதித்தது. அந்த இழைகள் இல்லாத இந்தியச் சீட்டிக்குத் தடை அப்படியே நீடித்தது.