கட்டுமரமும் பந்தயப் பாயும்



தமிழ் உலகுக்கு ஈந்த சொற்களுள் 'கட்டுமரம்' ஒன்று. ஆங்கிலத்தில் அது 'கேட்டமரான்' என வழங்குகின்றது. ஒலிம்பிக் பந்தயங்களில் ஓடும் இரட்டைப் படகு நம் முன்னோர் கண்டதே என்று பல்லாண்டுகள் வகுப்பில் பெருமிதத்தோடு கூறி வந்தவன் நான். பெயர் நம்முடையது, வடிவம் நம்முடையது அன்று. அப்பிழையைத் திருத்தும் கடமை எனக்கு உண்டு.

கிளியனூரிலிருந்து கடலை நோக்கிச் சென்றால் மரக்காணத்து உப்பளங்களைக் காணலாம். கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுந்த 'பெரிப்ளூஸ்' என்னும் கடற்பயண நூல் 'சோபட்மா' என்றொரு துறையைக் குறிப்பிடுகின்றது. அது மரக்காணமே என்பர் ஆராய்ச்சியாளர் பலர். மரங்களைப் பிணைத்துச் செய்த 'சங்கரா' என்னும் கலங்களையும் அந்நூல் கூறுகின்றது.

நம் கட்டுமரத்துக்கு உட்குழிவு இல்லை. இலேசான மரங்கள் சிலவற்றைக் கயிற்றால் கட்டுவர். அலைநீர் இடுக்குகளின் வழியே வடிந்துவிடும். ஆதலின் அது நீர் நிரம்பி மூழ்குவதில்லை. விடியற்காலக் கரைக்காற்றில் கடலேகி, பிற்பகற் கடற்காற்றில் முக்கோணப் பாய் விரித்து மீள்வது பழைய வழக்கம். கரை சேர்ந்ததும் கட்டவிழ்த்து மரங்களை வெயிலில் உலர்த்துவர். சோழமண்டலக் கரையின் இக்கலத்தை ஆங்கிலேய மாலுமி வில்லியம் டாம்பியர் 1697-இல் வெளிவந்த தம் பயண நூலில் வருணித்தார்.

இரண்டு உடல்களைக் குறுக்குச் சட்டங்களால் இணைக்கும் முறையோ பசிபிக் தீவுகளில் வாழும் பாலினேசிய மக்களிடம் சிறந்து விளங்கியது. பிற்காலத்தில் அவ்வடிவத்துக்கும் நம் சொல்லே பெயராயிற்று. 1876-இல் நியூயார்க்கில் நடந்த பந்தயத்தில் நத்தானியல் ஹெரஷாஃப் என்பார் தாம் அமைத்த 'அமரில்லிஸ்' என்னும் இரட்டைப் படகால் ஏனைய படகுகளை முந்தினார். பின்தங்கியோர் முறையிட்டனர். அவ்வகைப் படகு வழக்கமான போட்டிகளினின்று விலக்கப்பட்டது. வேகமே அதற்குக் குற்றமாயிற்று!

அடுத்த நூற்றாண்டில் நிலை மாறியது. 1960-களில் ராட்னி மார்ச் வடிவமைத்த, இருவர் செலுத்தும் 'டொர்னேடோ' 1976-இல் ஒலிம்பிக்கில் இடம் பெற்றது. பின்னர் எழுந்தது ஸ்பின்னக்கர் பாயின் சிக்கல்.

ஸ்பின்னக்கர் என்பது காற்றின் போக்கில் செல்லும்போது முன்புறத்தில் விரிக்கும், வயிறு பருத்த பெரும் பாய். விரைந்தோடும் படகுக்கு அதனால் என்ன இடையூறு? காற்று மணிக்கு 15 மைல் வேகத்தில் வீசுகின்றது என்று கொள்க. படகு அதே திசையில் 10 மைல் வேகத்தில் ஓடினால், பாய் உணரும் காற்று 5 மைலே. வேகம் கூடக் கூடப் பாய் தொய்கின்றது. ஆகவே நேரே ஓடாமல், சாய்கோணத்தில் வலமும் இடமுமாக மாறிமாறி ஓடக் கற்றனர். அப்போது படகின் வேகமே பக்கவாட்டில் காற்றை உண்டாக்குகின்றது. முன்னே நீண்ட கழியில், இருபுறமும் ஒத்திராத, தட்டையான பாயைக் கட்டினர். தொலைவு கூடினும் காலம் குறைந்தது.

1990-களில் பிரான்சில் வளர்ந்த 'ஃபார்முலா 18' வகுப்பு இப்பாயைத் தன் விதியிலேயே ஏற்றது. எடை குறைந்த இணைக்கு 19 சதுர மீட்டர், மிகுந்த இணைக்கு 21 சதுர மீட்டர் என வகுத்தது அதன் நேர்மை. டொர்னேடோவோ 2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்குக்குப் பின்னரே புதிய பாயை ஏற்றது. முன்பு ஒருவர் மட்டும் கம்பியில் தொங்கிப் படகைச் சமன் செய்தார். இப்பொழுது இருவரும் தொங்க வேண்டியதாயிற்று. ஒரு வகுப்பில் அனைவரும் ஒத்த படகைச் செலுத்துவதே பந்தய அறம். எனவே ஒருவர் பாயை மாற்றினால் எல்லோரும் மாற்ற வேண்டும். புதிய பாய் வேகத்தைத் தந்தது. பழைய படகுடையார்க்குச் செலவையும் தந்தது. அக்கோலத்தோடு 2004, 2008 ஒலிம்பிக்குகளில் ஓடிய டொர்னேடோ பின்னர் ஒலிம்பிக்கிலிருந்து விடைபெற்றது.

மாணவர்களே, நம் சொல் பெற்ற புகழில் மகிழ்வோம். பாலினேசியர் கண்ட வடிவத்தை அவர்க்கே உரியதாக்குவோம். பிறர்க்குரியதை நமதென்று கொள்ளாதிருப்பதே நமக்குரியதைப் பிறர் மதிக்கச் செய்யும். இதனை ஓய்வு பெற்ற பின்னரே நான் கற்றேன்; நீங்கள் இன்றே கற்றுக்கொள்ளுங்கள்.