ரோஜாவைத் தாங்கும் வேர்



ஒட்டு ரோஜாக் கன்று வாங்கப் போனால் நாம் என்ன கேட்கிறோம்? பூ என்ன நிறம், எத்தனை பூ பூக்கும், கன்று என்ன விலை? இவ்வளவுதான். மண்ணுக்குள் போகிற பாதியைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஒட்டுக் கன்று என்பது இரண்டு செடி. மேலே பூப்பது ஒரு ரகம்; கீழே வேர்விட்டுத் தாங்குவது வேறொரு ரோஜா. இதற்கு வேர்ச்செடி என்று பெயர். தண்ணீரும் சத்தும் எடுப்பது இதுதான். களர் மண்ணில் நிற்குமா, நூற்புழுவைத் தாங்குமா என்பதும் பெரும்பாலும் இதைப் பொறுத்ததே.

ஐரோப்பாவில் வேலியோரம் தானாக முளைக்கும் காட்டு ரோஜாவில்தான் வெகுகாலம் மொட்டுக் கட்டி வந்தார்கள். அது குளிரைத் தாங்கும். ஆனால் அடியிலிருந்து பக்கக்கிளை கிளம்பும் தொல்லை உண்டு.

ஜப்பான், கொரியா பக்கத்து மல்டிஃப்ளோரா ரோஜா 1866-இல் வேர்ச்செடியாக அமெரிக்காவுக்குப் போனது. வீரியமான செடி. ஆனால் சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் நட்டால் இரும்புச் சத்தை எடுக்க முடியாமல் இலை வெளிறிவிடும். 1930-களில் மண் அரிப்பைத் தடுக்கவும் உயிர்வேலி போடவும் அரசாங்கமே இதை நடச் சொன்னது. பின்னால் மேய்ச்சல் நிலமெல்லாம் முள்புதராகிப் பல மாநிலங்கள் இதைக் களை என்று அறிவிக்க வேண்டியதாயிற்று. நம்ம ஊர் சீமைக்கருவேல் கதையேதான்!

அடுத்தது டாக்டர் ஹியூயி. ஜார்ஜ் தாமஸ் என்பவர் 1914-இல் உருவாக்கிய கருஞ்சிவப்புக் கொடி ரோஜா இது. பிலடெல்பியாவில் இருந்த ஒரு பல் வைத்தியரின் பெயரை வைத்தார்கள். 1920-இல் விற்பனைக்கு வந்தது. பூவுக்காக வந்த செடியை நாற்றுப்பண்ணைக்காரர்கள் வேருக்காகப் பிடித்துக்கொண்டார்கள். ஏன்? குச்சி நட்டால் சுலபமாக வேர்விடும். பட்டை நெடுநாள் உரிந்து கொடுப்பதால் மொட்டுக் கட்டுவது எளிது. கலிபோர்னியாவின் வறண்ட, காரத்தன்மையுள்ள மண்ணையும் தாங்கும். அங்கிருந்து லட்சக்கணக்கான கன்றுகள் நாடெங்கும் போயின. மேல் ரகம் பட்டுப்போன தோட்டங்களில் அடிச்செடி தழைத்து வந்தது. வாங்கியது மஞ்சள், பூத்தது சிவப்பு!

ஆனால் புளோரிடா மாநிலத்து மணலில் வேர்முடிச்சு நூற்புழு அதிகம். அங்கே கைகொடுத்தது ஃபார்ச்சூனியானா. 1840-களில் சீனாவுக்குச் செடி தேடிப் போன ராபர்ட் ஃபார்ச்சூன் பெயரைத் தாங்கியது இது. ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்து மணலுக்கும் இதுவே பிடித்தது. கடுங்குளிருக்கு மட்டும் ஆகாது.

நம்ம எட்வர்டு ரோஜாவுக்கும் இதில் பங்கு உண்டு. ரீயூனியன் தீவுக்குப் பழைய பெயர் போர்பன். அங்கே வேலியில் இருந்த இரண்டு ரோஜாக்கள் தானாகக் கலந்து, 1817 வாக்கில் கண்டறியப்பட்ட வம்சம்தான் எட்வர்டு. நாம் அதைக் குச்சி நட்டு, சொந்த வேரிலேயே வளர்க்கிறோம். வட இந்தியச் சமவெளியிலோ அதையே வேர்ச்செடியாக வைத்து ஒட்டுக் கட்டினார்கள்.

இதிலிருந்து நாம் கற்றுக்கொள்வது என்ன? நாற்றுப்பண்ணைக்காரர் தமக்கு வசதியான வேரில்தான் கட்டுவார். அது உங்கள் மண்ணுக்குத் தோதாக இருக்கும் என்று உறுதி இல்லை. ஏக்கர் கணக்கில் கன்று நடுகிறவருக்கு இது பல வருஷ வருமானப் பிரச்சினை. எனவே முதலில் மண் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பிறகு, "எந்த வேரில் கட்டினது?" என்று கேட்டு வாங்குங்கள். களர்ச் சாயல் உள்ள மண்ணுக்கு இன்டிகா ஒடொரேட்டா நல்லது. அமிலச் சாயல் உள்ள மண்ணுக்கு மல்டிஃப்ளோரா சரிப்படும்.

நட்ட பிறகும் கவனம் வேணும். ஒட்டுக்குக் கீழே கிளம்பும் கிளையை விட்டால் அது சத்தை உறிஞ்சி மேல் ரகத்தை அமுக்கிவிடும். "ஏழு இலை இருந்தால் காட்டுக்கிளை" என்று சிலர் சொல்வார்கள். அதை நம்ப வேண்டாம், நல்ல ரகத்திலும் ஏழு இலை வரும். மண்ணை விலக்கி, கிளை எங்கிருந்து புறப்படுகிறது என்று பாருங்கள். ஒட்டுக்குக் கீழே என்றால் தளிராக இருக்கும்போதே அடியோடு பிய்த்தெடுங்கள். மேலாக வெட்டினால் மறுபடியும் வெடிக்கும்.