புதுச்சேரியின் பெயர் பெற்ற பாறு

செந்தலைப் பாறுக்குப் பறவை நூல்களில் ‘பாண்டிச்சேரிக் கழுகு’ என்றும் ஒரு பெயர் உண்டு. கரிய உடலும் இறகில்லாத சிவந்த தலையும் கொண்ட இந்தப் பிணந்தின்னிக் கழுகை ஐரோப்பிய அறிவியலுக்கு அறிமுகப்படுத்தியவர் பிரெஞ்சு இயற்கையியலாளர் பியேர் சொன்னரா. 1774 முதல் 1781 வரை கீழை நாடுகளில் தாம் மேற்கொண்ட பயணத்தை 1782இல் பாரிசில் நூலாக வெளியிட்டவர், அதில் இப்பறவையைப் புதுச்சேரியோடு சேர்த்தே விவரித்தார்.

சொன்னரா இட்டவை பிரெஞ்சுப் பெயர்கள். லின்னேயஸ் வகுத்த முறைப்படி லத்தீன் பெயர் சூட்டும் வேலையைப் பிறர் செய்தார்கள். இந்தியாவை ஒருநாளும் பார்த்திராத இத்தாலிய அறிஞர் ஸ்கோபோலி, 1786இல் அந்த விவரணையைக் கொண்டே பாறுக்குப் பெயரிட்டார். 1789இல் ஜெர்மானியரான க்மெலின் கவுதாரிக்கும் காட்டுக் கீச்சானுக்கும் சூட்டிய பெயர்களில் புதுச்சேரி நேரடியாகவே இடம்பெற்றது. சொன்னரா எழுதிய எல்லாவற்றையும் நம்பிவிட முடியாது. நியூகினியில் பென்குயின்கள் இருப்பதாக 1776இல் எழுதியவர் அவர். பாறு விஷயத்தில் அந்த ஐயத்துக்கு இடமில்லை. அது அக்காலத்தில் இந்தியச் சமவெளிகளில் பரவலாக வாழ்ந்த பறவை. மற்றப் பாறுகளைப் போலப் பெருங்கூட்டமாகச் சேராமல், தனித்தோ இணையாகவோ செத்த மாட்டைத் தேடி வரும்.

கவுதாரி இன்றும் தமிழகத்தின் வறண்ட புதர்க்காடுகளில் கத்துகிறது. பாறோ சமவெளிகளை விட்டே ஏறக்குறைய மறைந்துவிட்டது. இந்தியப் பாறுகளின் வீழ்ச்சிக்கு முதன்மைக் காரணம் மாடுகளுக்குப் போடப்பட்ட டைக்ளோஃபெனாக் என்ற வலிநிவாரணி. மருந்து ஏறிய மாடு இறந்து, அதன் இறைச்சியைத் தின்ற பாறுகள் சிறுநீரகம் செயலிழந்து மடிந்தன. 2004இல் ஆய்வாளர்கள் இதை நிறுவினர். 2006இல் இந்திய அரசு கால்நடைகளுக்கு அம்மருந்தைத் தடைசெய்தது. மறு ஆண்டே செந்தலைப் பாறு உலகளவில் அழிவின் விளிம்பில் உள்ள இனங்களின் பட்டியலில் சேர்ந்தது. தடை இன்னும் முன்னதாக வந்திருக்க வேண்டும்.

புதுச்சேரிப் பறவை ஆர்வலர் ஊசுடு ஏரியில் நீர்ப்பறவைகளைக் கண்டு மகிழலாம். தம் ஊரின் பெயர் கொண்ட பாறைப் பார்க்க அவர் தமிழகத்தின் மேற்கு எல்லைவரை, முதுமலைக்கும் சத்தியமங்கலத்துக்கும் இடையே ஓடும் மாயாற்றின் பள்ளத்தாக்குக்குப் போகவேண்டும். புலியும் செந்நாயும் வீழ்த்தும் மான்கள் அங்கே மருந்து கலவாத இரையாகக் கிடைக்கின்றன. மரத்தின் உச்சியில் கூடுகட்டும் இணை ஈற்றுக்கு ஒரே முட்டைதான் இடும் என்பதால், அந்தப் பாதுகாப்பிலும் எண்ணிக்கை மிக மெதுவாகவே பெருக முடியும்.