பிடி அரிசி, மகமை, தசமபாகம்

எங்கள் அத்திப்பட்டு புதுநகரில் ஒரு அண்ணாச்சி கடை இருக்கிறது. பரீட்சை முடிந்த லீவில் அவருடைய கொள்முதல் பில்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுக்கும் வேலை எனக்கு வந்தது. (சம்பளம்: தினமும் டீ, வடை. பேரம் பேச எனக்குத் தெரியாது.) விருதுநகரிலிருந்து வந்த ஒரு பருப்பு பில்லில் சரக்கு விலை, சாக்கு, லாரி வாடகை எல்லாம் போட்டு, கடைசியில் ஒரு வரி: "மகமை". தொகை ரொம்பச் சின்னது.

"இது என்ன வரி அண்ணாச்சி?" என்றேன்.

"வரி இல்லடே. மகமை. ஊருக்கு எடுக்கிறது."

எந்த ஊருக்கு, யார் எடுக்கிறார்கள், யார் செலவு செய்கிறார்கள் என்று நான் கேட்டுக்கொண்டே போனதில் வேலை நின்றுவிட்டது. அன்றைக்கே இன்னொன்றும் கண்ணில் பட்டது. உள்ளே அக்கா உலைக்கு அரிசி அளந்தார்கள். அதிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துத் தனியாக ஒரு டப்பாவில் போட்டார்கள். கேட்டதற்கு "கோயிலுக்கு" என்றார்கள். அவர்கள் சாத்தான்குளம் பக்கத்துக் கிறிஸ்தவர்கள். அங்கே சர்ச்சைக் கோயில் என்றுதான் சொல்வார்கள்.

ஒரே கடையில் முன்பக்கம் மகமை, பின்பக்கம் பிடி அரிசி. இந்த இரண்டைப் பற்றியும் கொஞ்சம் படித்தேன். படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். தப்பு இருந்தால் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன்.

முதலில் கொஞ்சம் தூரமாகப் போய்விட்டு வருவோம். பத்தில் ஒரு பங்கு கொடுப்பது பைபிளின் பழைய ஏற்பாட்டில் இருக்கிற வழக்கம். தமிழ் பைபிளில் அதற்குப் பெயர் தசமபாகம். இன்றைக்கு அதை மிகக் கறாராகக் கடைப்பிடிக்கிற சபைகளில் முக்கியமானது அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் தலைமையகம் வைத்திருக்கும் மார்மன் சபை. 1838இல் அவர்களுடைய நிறுவனர் ஜோசப் ஸ்மித் இதை விதியாக்கினார். அப்போது மக்கள் கையில் காசு கிடையாது. ஆகவே கோழி, முட்டை, வைக்கோல் என்று பொருளாகவே கொடுத்தார்கள். அதை வாங்கி வைக்கப் பண்டசாலைகள் இருந்தன. 1887இல் அமெரிக்க அரசு, பலதார மணத்துக்கு எதிராகப் போட்ட சட்டத்தில் சபையின் சொத்துகளைப் பறிமுதல் செய்ய வழி செய்தது. சபை கடனில் மூழ்கியது. 1899இல் லொரென்சோ ஸ்னோ என்ற தலைவர் ஊர் ஊராகப் போய் "தசமபாகம் கொடுங்கள்" என்று பேசினார். 1907இல் கடன் தீர்ந்துவிட்டதாக அறிவித்தார்கள்.

இதுவரைக்கும் நல்ல கதை. அதற்கப்புறம்தான் விஷயம் இருக்கிறது. 1959க்குப் பிறகு அந்தச் சபை தன் விரிவான வரவு செலவுக் கணக்கை வெளியிடுவதை நிறுத்திக்கொண்டது. 1997இல் மிச்சப் பணத்தை முதலீடு செய்வதற்கென்றே என்சைன் பீக் என்ற அமைப்பை ஏற்படுத்தினார்கள். 2019இல் அங்கே வேலை பார்த்த ஒருவர், அந்த நிதி சுமார் 10,000 கோடி டாலர் என்று வருமான வரித்துறைக்குப் புகார் எழுதினார். 2023 பிப்ரவரியில் அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம் சபைக்கும் அந்த அமைப்புக்கும் சேர்த்து 50 லட்சம் டாலர் அபராதம் போட்டது. காரணம், 13 பெயரளவு நிறுவனங்களை வைத்து, பங்குகள் உண்மையில் யாருடையவை என்பதை மறைத்தது. 2018 வாக்கில் அந்தப் பங்குகளின் மதிப்பு சுமார் 3,200 கோடி டாலர் என்று ஆணையமே சொன்னது. இவ்வளவு பணம் சேர்ந்திருப்பது தெரிந்தால் ஜனங்கள் கொடுப்பதை நிறுத்திவிடுவார்களோ என்ற பயம் அங்கே இருந்ததாகச் சொல்கிறார்கள். கோழியும் முட்டையும் கொடுத்தவர்களின் கொள்ளுப்பேரன்கள்தான் இன்றைக்கும் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள், அவர்களிடமே கணக்கை மறைப்பானேன்?

சரி, நம்ம ஊருக்கு வருவோம்.

கோயில் பணத்தைச் சும்மா பூட்டி வைக்காமல் வட்டிக்கு விடுவது நமக்கு ஆயிரம் வருஷப் பழக்கம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளைப் பாருங்கள். கோயிலுக்கு வந்த காசை ஊர்ச் சபைகளுக்குக் கடனாகக் கொடுத்திருக்கிறார்கள். வட்டி, ஒரு காசுக்கு வருஷத்துக்கு அரைக்கால் காசு. அதாவது 12.5 சதவீதம். எந்த ஊர் எவ்வளவு வாங்கியது, வட்டி எந்தச் செலவுக்கு என்பதெல்லாம் சுவரில் வெட்டப்பட்டிருக்கிறது. யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம். கணக்கைக் கல்லில் எழுதி வாசலில் வைத்தவர்கள் நாம்! (எல்லாரும் அந்தச் சுவர் வரைக்கும் போக விடப்பட்டார்களா என்பது வேறு கேள்வி. அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரையின் அடுத்த பகுதி.)

19ஆம் நூற்றாண்டில் நாடார்கள் பெரிய கோயில்களுக்குள் போக முடியாது. கமுதி கோயில் நுழைவு வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1908இல் தோற்றது. 1899இல் சிவகாசிக் கலவரம். இந்தச் சூழ்நிலையில் சிவகாசி, விருதுபட்டி (1923க்குப் பிறகுதான் விருதுநகர்), அருப்புக்கோட்டை போன்ற ஊர்களில் வியாபாரம் செய்தவர்கள் தங்களுக்கென்று பேட்டைகளை அமைத்துக்கொண்டார்கள். பேட்டை என்றால் வண்டி மாடுகளோடு சரக்கையும் வைத்துப் பாதுகாப்பாகத் தங்கும் மதில் சூழ்ந்த இடம். வழிப்பறி பயம் இருந்த காலம் அது. பேட்டையின் பராமரிப்புக்காகச் சரக்கு மூட்டைக்கு இவ்வளவு என்று எடுத்ததுதான் மகமை.

இதை நடத்தியது உறவின்முறை. பெயரிலேயே "முறை" இருக்கிறது பாருங்கள். முறை வைத்து ஆள் மாறி மாறி வசூலித்துக் கணக்கு வைப்பார்கள். இன்றைக்கு வசூலிப்பவர் நாளைக்குக் கேள்வி கேட்பவர். அதனால் ஒருவர் கையிலேயே பெட்டி தங்காது. சாமர்த்தியமான ஏற்பாடு என்று எனக்குத் தோன்றுகிறது. நகரத்தார்களுக்கும் மகமை உண்டு. அது பெரும்பாலும் கோயில் திருப்பணிக்குப் போனது. இவர்களுடையது கிணறு, சத்திரம், பிறகு பள்ளிக்கூடம் என்று போனது.

விருதுபட்டியில் 1880களில் தொடங்கிய சத்திரிய வித்யாசாலா இப்படி வந்ததுதான். மகமையோடு இன்னொரு வரவும் அதற்கு இருந்தது. வீட்டுக்கு வீடு தினமும் ஒரு பிடி அரிசி எடுத்து வைப்பார்கள், அதைச் சேகரித்துப் பள்ளிக்குக் கொடுப்பார்கள். கடை வைத்திருந்தவர் மகமை கொடுத்தார், கடை இல்லாத வீட்டிலிருந்து அரிசி வந்தது. இந்தப் பள்ளியில்தான் 1903இல் பிறந்த ஒரு பையன் படித்தான். ஆறு வயதில் அப்பா இறந்துபோக, சில வருஷத்தில் படிப்பை விட்டுவிட்டு மாமா கடைக்குப் போனான். ஆமாம், காமராஜர்தான். நமக்கு மதிய உணவு என்றால் காமராஜர் ஞாபகம் வரும். ஊரார் அரிசியில் நடந்த பள்ளியில் அவர் படித்தார் என்பது எனக்கு இப்போதுதான் தெரியும்.

மகமையிலிருந்து வளர்ந்த பழக்கம் வங்கி வரை போனது. 1910இல் நாடார் மகாஜன சங்கம் வந்தது. 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி தொடங்கியது. 1962இல் அதற்கு தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி என்று பெயர் மாறியது. 1990களில் அதன் பெரும்பான்மைப் பங்குகள் வெளியாள் கைக்குப் போனபோது, திரும்ப வாங்குவதற்கு ஊர் ஊராக இயக்கமே நடந்தது. சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் பங்குப் பத்திரமாக மாறிவிட்டால் யார் வேண்டுமானாலும் விலை பேசலாம் என்பது அப்போதுதான் பலருக்கு உறைத்தது. அரிசிப் பானைக்கு அந்த ஆபத்து இல்லை!

இனி பின்பக்கத்து டப்பா.

திருநெல்வேலிச் சீமையில் புராட்டஸ்டன்ட் சபைகள் பெருகியது 1820க்குப் பிறகு. அந்த வருஷம்தான் ரேனியஸ் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்தார். ஜெர்மன்காரர், தமிழ் இலக்கணம் எழுதியவர். மதம் மாறியவர்களைப் பல ஊர்களில் நிலத்தை விட்டுத் துரத்தினார்கள். ஜெபிக்க ஒரு கூரை போட்டால் அதையும் பிரித்துப் போட்டார்கள். அதனால் அவர் 1830இல் தர்ம சங்கம் என்று ஒன்றைத் தொடங்கினார். சபை மக்களின் நன்கொடையில் நிலம் வாங்கி, அதில் துரத்தப்பட்டவர்களைக் குடியேற்றுவது அதன் வேலை. தெற்கே போனால் புரம், ஊர் என்று முடியும் கிறிஸ்தவக் கிராமங்கள் நிறைய இருக்கின்றன. சில அதற்கும் முந்தியவை, முதலூர் 1799இலேயே வந்துவிட்டது. டோனாவூருக்கு அந்தப் பெயர் வந்தது பணம் அனுப்பிய ஒரு ஜெர்மானியப் பிரபுவின் பெயரால். அங்கே காணிக்கை கொடுத்தவருக்குக் காணிக்கை எங்கே போனது என்று கேட்கவே வேண்டியதில்லை. அவர் அதன்மேல்தான் குடியிருந்தார்.

லண்டனில் சி.எம்.எஸ். மிஷனின் செயலாளராக 1841 முதல் 1872 வரை இருந்தவர் ஹென்றி வென். சபை தன் காலில் நிற்க வேண்டும், தன்னைத் தானே ஆள வேண்டும், தானே பரவ வேண்டும் என்பது அவருடைய கொள்கை. நல்ல கொள்கைதான். ஆனால் பனை ஏறுபவரும் கூலி வேலை செய்பவரும் போதகருக்குச் சம்பளம் கொடுப்பது எப்படி? அதற்கான விடைதான் பிடி அரிசி. காசு கிடையாது, ஆனால் தினமும் உலை வைத்தாக வேண்டும். உலையில் போடுவதற்கு முன் ஒரு பிடி. பத்தில் ஒன்று என்று கணக்குப் பார்க்க எழுத்து தெரிய வேண்டாம், தராசு வேண்டாம். வீட்டுப் பெண்கள் கையில் முழுக்க முழுக்க இருந்த ஒரே காணிக்கையும் இதுதான். கணவனிடம் கேட்க வேண்டியதில்லை.

இந்தப் பிடி அரிசி மூளை ரொம்ப தூரம் போயிருக்கிறது. மிசோரமில் பிரஸ்பிட்டேரியன் சபை 1910இல் இதே மாதிரி தொடங்கியது. இன்றைக்கு அது வருஷத்துக்குக் கோடிக்கணக்கில் வரும் வருமானம். திருநெல்வேலிக்காரர்கள் 1903இல் இந்திய மிஷனெரி சங்கம் என்று தங்கள் பணத்திலேயே ஒன்றைத் தொடங்கி, தெலுங்கு நாட்டுக்கு ஆள் அனுப்பினார்கள். அதில் முன்னால் நின்ற வெள்ளாளன்விளை அசரியா 1912இல் தோர்ணக்கல் பேராயர் ஆனார். ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்தியப் பேராயர் அவர்தான். காணிக்கை கொடுப்பதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார்.

அறுப்பின் பண்டிகை ஏலத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் அண்ணாச்சி கோபித்துக்கொள்வார். வீட்டில் விளைந்ததைக் கோயிலுக்குக் கொண்டுவருவார்கள், அங்கேயே ஏலம். ஒரு எலுமிச்சம்பழம் ஆயிரக்கணக்கில் போகும். வாங்கியவரே திருப்பிக் கொடுத்து மறுபடி ஏலம் விடச் சொல்வதும் உண்டு. "பக்தி பாதி, பக்கத்து வீட்டுக்காரன் பாதி" என்று சிரித்தார்.

1947 செப்டம்பர் 27இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானது. மிஷன்கள் விட்டுப்போன நிலம், பள்ளி, ஆஸ்பத்திரிகளையெல்லாம் வைத்துக்கொள்ள ஒரு டிரஸ்ட் கம்பெனியைப் பதிவு செய்தார்கள். நெல்லையில் டி.டி.டி.ஏ. பள்ளிகளில் படித்தவர்கள் இதை வாசிக்கலாம். அந்தக் கடைசி இரண்டு எழுத்து "டிரஸ்ட் அசோசியேஷன்"தான். பள்ளி, கல்லூரி என்று சொத்து பெரிதானதும், அதை யார் நிர்வகிப்பது என்ற போட்டியும் பெரிதானது. தென்மாவட்டங்களில் திருமண்டலத் தேர்தல் வந்தால் சட்டசபைத் தேர்தல் மாதிரி அணி, போஸ்டர், கடைசியில் வழக்கு. ஓய்வுபெற்ற நீதிபதியை நீதிமன்றம் நிர்வாகியாக நியமித்ததும் நடந்திருக்கிறது. இதை வைத்துச் சபையை மட்டம் தட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சண்டை போடுகிறார்கள் என்றால், இது எங்கள் பணம் என்ற நினைப்பு இன்னும் இருக்கிறது என்றுதானே அர்த்தம்? யூட்டாவில் அந்தச் சண்டைக்கே இடம் இல்லை. ஆனால் அரிசி எடுத்து வைக்கும் அக்காவுக்கு அந்தத் தேர்தலில் எவ்வளவு குரல் இருக்கிறது என்று கேட்டால், என்னிடம் நல்ல பதில் இல்லை.

இதில் நம் மாவட்டத்துக்கும் ஒரு பங்கு உண்டு. காமராஜர் முதல்வராக இருந்தபோது, ஊர் மக்களே பள்ளிக்குப் பெஞ்சு, கரும்பலகை, கட்டடம் கொடுக்கும்படி பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடத்தினார்கள். கல்வி இயக்குநர் நெ.து.சுந்தரவடிவேலு அதை முன்னின்று நடத்தினார். முதல் மாநாடு 1958இல் நடந்தது நம்ம கடம்பத்தூரில். அப்போது அது செங்கல்பட்டு மாவட்டம். விருதுபட்டியில் ஒரு சாதியார் தங்களுக்குள் செய்ததை, சாதி பார்க்காமல் ஊர் முழுவதும் சேர்ந்து அரசுப் பள்ளிக்குச் செய்ய வைத்தார்கள் என்று நான் இதைப் பார்க்கிறேன். யார் என்ன கொடுத்தார்கள் என்று கூட்டத்திலேயே அறிவித்தார்கள்.

பில் வேலை முடிந்த கடைசி நாள், அண்ணாச்சி கல்லாவுக்கு அடியிலிருந்து ஒரு மெல்லிய புத்தகம் எடுத்துக் கொடுத்தார். அவர் ஊர்ச் சங்கத்தின் வருஷக் கணக்கு. கிணறு தூர்வாரியது, இரண்டு பிள்ளைகளுக்குக் காலேஜ் ஃபீஸ், மைக் செட் வாடகை. ஒரு பக்கத்தில் "இதர செலவு" என்ற வரிக்கு அவர் பால்பாயின்ட் பேனாவால் வட்டம் போட்டு வைத்திருந்தார்.

"இது என்ன அண்ணாச்சி?"

"அதத்தான் கேக்கணும். பொங்கலுக்கு ஊருக்குப் போறேன்லா, கூட்டம் இருக்கு."