கார் பேட்டரி: ஒயரைக் கழற்றும் பழக்கத்தின் கதை

கார் மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கப்போகிறது என்றால் பேட்டரி ஒயரைக் கழற்றி வையுங்கள் என்று மெக்கானிக்குகள் சொல்வதுண்டு. இது பழைய ஆலோசனைதான். ஆனால் அதற்கான காரணம் நடுவில் மாறிவிட்டது. எப்படி என்று பார்ப்போம்.

ஆரம்பகால கார்களுக்கு இந்தக் கவலையே இல்லை. 1908-ல் வந்த ஃபோர்டு மாடல் டி காரை முன்பக்கம் கைப்பிடி போட்டுச் சுற்றித்தான் கிளப்ப வேண்டும். தீப்பொறிக்குத் தேவையான மின்சாரத்தை எஞ்சினோடு சேர்ந்து சுழலும் மேக்னெட்டோ கொடுத்தது. ஆனால் கைப்பிடி திடீரென்று எதிர்ப்பக்கம் உதைத்தால் மணிக்கட்டு உடைந்துவிடும். சார்லஸ் கெட்டரிங் என்ற அமெரிக்கப் பொறியாளர் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். அவர் உருவாக்கிய மின்சார ஸ்டார்ட்டர் 1912-ஆம் வருட மாடல் காடிலாக் காரில் வந்தது. கைமுறிவு குறைந்தது. ஆனால் அன்றிலிருந்து கார் பேட்டரியை நம்பி வாழ ஆரம்பித்தது!

அந்த பேட்டரி காரைவிட மூத்தது. பிரான்ஸ் நாட்டின் காஸ்டன் பிளான்டே 1859-லேயே ஈய-அமில பேட்டரியை உருவாக்கிவிட்டார். இதன் பலவீனமும் அன்றிலிருந்து கூடவே வருகிறது. மின்சாரம் இறங்க இறங்க, தகடுகளின் மேல் ஈய சல்பேட் படிகிறது. உடனே சார்ஜ் செய்தால் அது கரைந்துவிடும். இறங்கிய நிலையிலேயே வாரக்கணக்கில் விட்டால், சல்பேட் பெரிய படிகங்களாக இறுகிவிடும். பிறகு சார்ஜ் செய்தாலும் பழைய பலம் திரும்பாது. அதாவது, டவுன் ஆன பேட்டரி வெறும் காலிக் குடமல்ல, விரிசல் விட ஆரம்பித்த குடம்.

இந்தப் பலவீனத்துக்குப் பெரிய பரீட்சை இரண்டாம் உலகப்போரில் வந்தது. பிரிட்டனில் 1939 செப்டம்பரில் பெட்ரோல் ரேஷன் தொடங்கியது. 1942 ஜூலையில் சொந்த உபயோகத்துக்கான அடிப்படை ரேஷனும் ரத்தானது. அது திரும்பக் கிடைத்தது 1945 ஜூனில்தான். ஏறக்குறைய மூன்று வருடம்! ஏராளமான கார்கள் ஷெட்டுக்குள் போயின. டயர் கெடாமல் இருக்க, காரைக் கட்டைகளின் மேல் தூக்கி நிறுத்தினார்கள். பேட்டரியைக் காப்பாற்ற அதை வெளியே எடுத்து அவ்வப்போது சார்ஜ் செய்ய வேண்டியிருந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் கார்களில் சாவியைத் திருப்பி அணைத்தபின் மின்சாரத்தைக் குடிக்க அநேகமாக எதுவும் கிடையாது. பேட்டரி தானாகவே, உள்ளுக்குள்ளேயே மெல்ல இறங்கியது. எனவே ஒயரைக் கழற்றுவது மட்டும் போதாது, சார்ஜ் செய்வதுதான் முக்கியம்.

இன்றைய கார் வேறு. 1980-களுக்குப் பிறகு எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர், ரிமோட் பூட்டு, திருட்டு அலாரம் என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. கார் நின்றாலும் இவை விழித்திருக்கும். ஒவ்வொன்றும் குடிப்பது மிகக் கொஞ்சம். ஆனால் கணக்குப் போட்டால் தெரியும்: 20 மில்லி ஆம்பியர் என்றால் ஒரு நாளைக்கு 0.48 ஆம்பியர்-மணி. சிறிய காரின் பேட்டரி 35 ஆம்பியர்-மணி.

இந்தியாவில் 2020 மார்ச் 25-ல் ஊரடங்கு தொடங்கி நான்கு கட்டங்களாக மே 31 வரை, 68 நாள் நீடித்தது. மேலே சொன்ன கணக்குப்படி இத்தனை நாளில் 32 ஆம்பியர்-மணிக்கு மேல் போய்விடும். பேட்டரி கிட்டத்தட்ட காலி! வாசலில் சும்மா நின்ற பல கார்கள் கிளம்ப மறுத்ததில் ஆச்சரியம் இல்லை. இடையிடையே ஐந்து நிமிடம் எஞ்சினை ஓடவிடுவதும் பெரிதாக உதவாது. ஸ்டார்ட்டர் எடுத்துக்கொண்டதே அதற்குள் முழுதாகத் திரும்பாமல் போகலாம்.

ஆக, அன்று சார்ஜ் செய்வதற்காகக் கழற்றினார்கள். இன்று கசிவை நிறுத்துவதற்காகக் கழற்றுகிறோம். உள்ளுக்குள் தானாக இறங்குவது இன்றும் உண்டு என்பதால், முழு சார்ஜில் கழற்றுவது நல்லது.

கழற்றுவதிலும் வரிசை உண்டு. முதலில் நெகட்டிவ், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். காரணம், அந்த ஒயர்தான் காரின் இரும்பு உடம்போடு சேர்ந்திருக்கிறது. அதைக் கழற்றிவிட்டால் பாசிட்டிவைக் கழற்றும்போது ஸ்பானர் உடம்பில் பட்டாலும் தீப்பொறி பறக்காது. 1950-களின் பல பிரிட்டிஷ் கார்களில் உடம்போடு சேர்ந்திருந்தது பாசிட்டிவ், அவற்றில் இந்த வரிசை தலைகீழ்.

கடிகாரமும் ரேடியோவும் தம் நினைவை இழக்கும். சில ரேடியோக்கள் ரகசிய எண் கேட்கும். ரிமோட்டும் வேலை செய்யாது, சாவியால்தான் பூட்ட வேண்டும். புது பேட்டரியின் விலையோடு ஒப்பிட்டால் இவையெல்லாம் சின்னத் தொந்தரவுகள்தான். பல கார்களில் இதற்குத் தேவை ஒரே ஒரு 10-ஆம் நம்பர் ஸ்பானர்!