விருந்தாளியாக வந்து வீட்டுக்காரியானவர்கள்

நமது சங்கத்தின் ஐம்பதாண்டு வரலாற்றைப் பேசும்போது தலைவர்கள், செயலாளர்கள் பெயர்களே முதலில் நினைவுக்கு வருகின்றன. குடிநுழைவு அலுவலக வரிசையில் கால்கடுக்க நின்ற நம் தாய்மார்களும் அவ்வரலாற்றில் இடம்பெற வேண்டியவர்களே.

கடையநல்லூர், தென்காசிக் குடும்பங்கள் பல தஞ்சோங் பகார் வட்டாரத்தில் மனைவி மக்களோடு வாழ்ந்தன. வேறு ஊர்ச் சபுராளிகளில் பலர் தனியே வந்து, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊர் சென்று திரும்பினர். 1953 ஆகஸ்டில் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் புதிய குடிநுழைவுச் சட்டம் நடப்புக்கு வந்தது. 1959இல் விதிகள் மேலும் இறுகின. கணவரை நெடுங்காலம் பிரிந்திருந்த மனைவியர் வந்து சேர்வதும் கடினமாயிற்று. கப்பல் சீட்டு கையிலிருந்தால் போதும் என்ற காலம் முடிந்தது.

பின்னாளில் பலருக்கு வாசலாக இருந்தது வருகை அனுமதிதான். என் தாயார் 1978இல் ‘எம்.வி. சிதம்பரம்’ கப்பலில் அப்படித்தான் வந்தார். ஊர் ஜமாஅத்தின் நிக்காஹ் தஃப்தர் நகல் தமிழில் இருந்தது. அதை ஆங்கிலத்தில் பெயர்த்து, சான்றொப்பம் வாங்கி, தந்தையின் சம்பளச் சீட்டோடு எம்பிரஸ் பிளேஸுக்குக் கொண்டுபோக வேண்டும். அனுமதி நீட்டிப்புக்கு மேல் நீட்டிப்பாகச் சில மாதங்கள் ஓடின. முதல் விண்ணப்பம் மறுக்கப்பட்டது. தாயார் ஊர் திரும்பினார். அங்கேதான் நான் பிறந்தேன். என்னைத் தூக்கிக்கொண்டு அவர் மீண்டும் வந்தபோது எனக்கு ஒன்றரை வயது. தந்தை என்னை முதன்முதலில் பார்த்தது துறைமுகத்தில்தான். நீல அடையாள அட்டை கிடைக்க மேலும் சில ஆண்டுகள் ஆயின. அதுவரை, பெட்டியைப் பரண்மேல் வைக்கத் தாயாருக்கு மனம் வரவில்லை.

அந்நாளில் ஆங்கிலம் அறிந்த நம் உறுப்பினர்கள் வேலை முடிந்து வந்து, பிறருக்காகப் படிவம் நிரப்பினார்கள், கடிதம் எழுதினார்கள். கட்டடம் எழுப்பியதற்கு இணையான தொண்டு அது.

இன்று நடைமுறை மாறியிருக்கிறது. 2012இல் சிங்கப்பூரர்களின் வெளிநாட்டுத் துணைவருக்கு, மருத்துவக் கட்டணச் சலுகை உள்ளிட்ட கூடுதல் பயன்களுடன் புதிய நீண்டகால வருகை அனுமதி அறிமுகமானது. 2015 முதல், திருமணத்திற்கு முன்பே தகுதி மதிப்பீடு கோரலாம். ஆயினும், திருமணச் சான்றிதழ் தானாகவே குடியிருப்பு உரிமை தருவதில்லை. பிள்ளைகளுக்கு வெளிநாட்டில் சம்பந்தம் பேசுவோர், தேதி குறிக்கும் முன்பே இதை விசாரித்துக்கொள்வது நலம்.

வீட்டிலுள்ள பழைய கடப்பிதழ்களை எறிந்துவிடாதீர்கள். அவற்றின் முத்திரைகளில் நம் தாய்மார்களின் வருகை நாள் இருக்கிறது. அதைக் குறித்து, அவர்கள் பெயருடன் சங்கத்திடம் கொடுங்கள். அடுத்த மலரில் அப்பெயர்கள் இடம்பெறட்டும், இன்ஷா அல்லாஹ்.